ஸ்பிளாஷ் மவுண்டனா, டியானாஸ் பேயூ அட்வென்ச்சரா?

புளோரிடாவில் உள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காவான மேஜிக் கிங்டமில் 1992-இல் திறந்த படகுச் சவாரி ஸ்பிளாஷ் மவுண்டன் 2023 ஜனவரியில் மூடப்பட்டது. அதே மலை, அதே கால்வாய், அதே ஏறத்தாழ 50 அடிச் சரிவோடு 2024 ஜூன் 28-இல், டிஸ்னி திரைப்பட இளவரசி டியானாவின் கதையைச் சொல்லும் டியானாஸ் பேயூ அட்வென்ச்சராகத் திரும்பியது. ஏறுபவருக்கான குறைந்தபட்ச உயரம் இப்போதும் 40 அங்குலம்தான். மாறியது கதை. ரசிகர்களின் சண்டையும் அதைப் பற்றித்தான்.

பழையதில் கதாநாயகனான முயல் பிடிபடும், பிணந்தின்னிக் கழுகுகள் மேலிருந்து மிரட்டும், அடுத்த நொடி நாம் முட்புதருக்குள் விழுவோம். விழுவதற்குக் காரணம் இருந்தது. புதியதில் வில்லனே இல்லை. மார்டி கிரா திருவிழா விருந்துக்கு இசைக்கலைஞர்களைத் தேடிப் போகிறோம். மாமா ஓடி என்ற மந்திரக்காரக் கிழவி நம்மைத் தவளை அளவுக்குச் சுருக்கி, பிறகு பழைய உருவத்துக்குத் திருப்பும் இடத்தில்தான் அந்தச் சரிவு வருகிறது. பயம் ஏறாமலே விழுகிறோம் என்ற புகார் நியாயமானது. டியானா படத்தின் வில்லன் டாக்டர் ஃபசிலியே இதில் இருந்திருந்தால் அந்தப் பதற்றம் தானாக வந்திருக்கும்.

அசையும் இயந்திரப் பொம்மைகளில் புதியதே மேல், சந்தேகமில்லை. டியானாவின் முக அசைவும் லூயி முதலையின் உடல் அசைவும் அசத்துகின்றன. ஆனால் காட்சிகளுக்கிடையே வெறும் சுவர்கள் நீள்கின்றன. பழையதில் அங்கெல்லாம் பாடும் விலங்குகள் நிறைந்திருந்தன.

மாற்றம் தேவைதான். பழைய கதை, அடிமை முறைக்குப் பிந்தைய அமெரிக்கத் தென் மாநிலங்களை இனிப்பாகக் காட்டிய 1946-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வந்தது.

பழையதிலேயே ஏற வேண்டுமென்றால் டோக்கியோ டிஸ்னிலேண்ட் போகலாம். அங்கே அது மாற்றப்படவில்லை.