டிம்சம் ஒரு இடம், ஒயின் ஒரு இடம்: கோவையில் எங்கே உட்காரலாம்?

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர்களை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவது என் தலையில்தான் விழும். பாதிப்பேர் மூன்றாம் நாளே பிரியாணியிலிருந்து தப்பிக்க வழி தேடுவார்கள். ஏசியன் சாப்பாடு, கூட ஒரு கிளாஸ் ஒயின் என்பார்கள். வண்டி அவிநாசி ரோட்டில் ஏறியதுமே எனக்குக் கேள்வி ஆரம்பித்துவிடும்: இன்றைக்குச் சாப்பாடு முக்கியமா, ஒயின் முக்கியமா?

இரண்டும் ஒரே இடத்தில் நன்றாக அமைவது கோவையில் கஷ்டம். குற்றம் சமையல்காரர் மேல் இல்லை, லைசென்ஸ் அப்படி. தமிழ்நாட்டில் 2003லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். உட்கார்ந்து குடிக்கும் பார் உரிமம் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. தனியாக நடக்கும் ஒரு ரெஸ்டாரண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒயின் ஊற்ற முடியாது. நாமே பாட்டில் கொண்டுபோய்த் திறப்பதும் சட்டப்படி கூடாது.

தனிக்கடைகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரேஸ் கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் பக்கம் மங்கலான விளக்கு, கண்ணாடிக்குப் பின்னால் சமையலறை, மூங்கில் தட்டில் ஆவி பறக்க டிம்சம், அதாவது சீனத்துக் கொழுக்கட்டை. இவர்களுக்கு விற்க வேறு சரக்கு இல்லை, சாப்பாடு ஒன்றுதான். அதனால் அதில் கவனம் தெரிகிறது. நான் எங்கே போனாலும் முதலில் இறால் டிம்சம்தான் சொல்வேன். மேல்மாவு மெல்லிசாக, உள்ளே இருக்கும் இறால் ரோஸ் நிறத்தில் தெரிய வேண்டும். குச்சியால் தூக்கும்போது கிழியக் கூடாது. இதில் தேறிய கடையில் மற்றதை நம்பிச் சொல்லலாம். ஒருமுறை பொள்ளாச்சி சித்தப்பாவைக் கூட்டிப்போய் அரிசி நூடுல்ஸில் தேங்காய்ப்பால் கறி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏங்கண்ணு, சந்தகைக்கு எதுக்குக் குச்சி?" என்றார். சந்தகை என்றால் எங்கள் பக்கத்து இடியாப்பம்; அவர் சொன்னதில் தப்பில்லை.

நட்சத்திர ஹோட்டலின் ஏசியன் ஹால் வேறு ரகம். நாற்காலி, பரிமாறுகிற பக்குவம், பேச வசதியான அமைதி எல்லாம் இங்கேதான். பையரோடு விலை பேசணும் என்றால் நானும் இங்கேதான் போவேன். ஆனால் பல இடங்களில் தாய், சீனம், ஜப்பான் மூன்றும் ஒரே பழுப்பு சாஸில் குளித்துவிட்டு வருகின்றன. வரியும் அதிகம். தனிக்கடையில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் 18. நாலாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் அங்கே வரி 200, இங்கே 720. ஒயினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் தனியாக வரும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால் தைரியமாக எடுக்கச் சொல்லலாம்; அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2022ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025ல் டெல்லி உயர்நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது.

சரி, அந்த ஒயினாவது சரியாக அமைகிறதா? பெரும்பாலும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். நம்மாட்களுக்கு ஒயின் என்றால் சிவப்பு. சிச்சுவான் சிக்கனோ நம்ம பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தூரத்துச் சொந்தம், வரமிளகாய்தான் அதில் ராஜா. சிவப்பு ஒயினின் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து அந்தக் காரத்தை இரண்டு மடங்காக ஏற்றிவிடும். சோயா சாஸோடு சேர்ந்தால் கசக்கவும் செய்யும். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "காசு குடுத்துக் கசாயமா?" என்று கிளாஸை என் பக்கம் தள்ளியது இதனால்தான்.

காரத்துக்கு இலேசாக இனிக்கும் வெள்ளை ஒயின்தான் தோது. ரீஸ்லிங் என்கிற திராட்சை வகை கிடைத்தால் விசேஷம். இல்லையென்றால் நாசிக் பக்கத்து செனின் பிளாங்க் என்கிற வகை போதும். சுலா கம்பெனியின் செனினில் அந்த இலேசான இனிப்பு உண்டு, விலையும் வெளிநாட்டுப் பாட்டிலைவிடக் குறைவு. டெம்புரா மாதிரிப் பொரித்த ஐட்டத்துக்கு நுரைக்கும் ஒயின் எண்ணெய்ப் பிசுக்கை அறுத்துவிடும். வெள்ளை ஒயின் 8லிருந்து 10 டிகிரி குளிர்ச்சியில் வரணும். சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்கும் 16, 18 டிகிரி. 'ரூம் டெம்பரேச்சர்' என்று நம்ம ஊர் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளக் கூடாது. கிளாஸ் கணக்கில் வாங்குகிறீர்கள் என்றால் பாட்டிலை என்றைக்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள். கோவையில் விஸ்கி ஓடும் வேகத்தில் ஒயின் ஓடாது; நாலைந்து நாள் திறந்து கிடந்த வெள்ளை ஒயின் புளித்துப்போய் வரும். மூன்று பேர் என்றால் பாட்டிலாகவே சொல்லிவிடலாம், 750 மில்லியில் ஐந்து கிளாஸ் தேறும்.

தேதியையும் பாருங்கள். திருவள்ளுவர் தினத்தில் மது கிடையாது, ஹோட்டல் பாரும் மூடியிருக்கும். மாட்டுப் பொங்கலன்று துபாயிலிருந்து வந்த மச்சானைப் பகட்டாகக் கூட்டிப்போய், நன்னாரி சர்பத்தோடு திரும்பியவன் நான்.

பெங்களூரு போனால் இந்தத் தொல்லையே இல்லை, அங்கே தனி ரெஸ்டாரண்டுக்கும் உரிமம் உண்டு. ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு திருப்பூரிலிருந்து ஓசூர் தாண்டுவது எனக்குக் கட்டுப்படியாகாது. பார்சல் வாங்கி வீட்டில் பாட்டில் திறக்கலாம் என்றால், டிம்சம் பெட்டிக்குள்ளேயே வேர்த்து ஒட்டிக்கொள்கிறது.

இப்போது நான் செய்வது இது. ஏழு மணிக்கு ஹோட்டல். ஆளுக்கு ஒரு கிளாஸ் செனின், ஒரு தட்டு டெம்புரா, பில் போட்டு எழுந்துவிடுவது. எட்டரைக்கு ரேஸ் கோர்ஸ் தனிக்கடையில் முழுச் சாப்பாடு, குடிக்க மல்லிகைத் தேநீர். வரிசையை மாற்றினால் சரிப்படாது, இந்தக் கடைகளில் அடுப்பை ஹோட்டலுக்கு முன்னாலேயே அணைத்துவிடுவார்கள். வண்டிக்கு டிரைவர் போட்டுவிடுவேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஜெயிலோ இரண்டுமோ, அந்தக் காசுக்கு நல்ல ரீஸ்லிங்கே வாங்கிவிடலாம். சித்தப்பா வருகிற நாளில் மட்டும் ஏழு மணி ஹோட்டல் கிடையாது. நேராக ரேஸ் கோர்ஸ், அவருக்கு ஒரு ஸ்பூன்.