தியேட்டரில் கழற்றிய 15 இன்ச் ஊஃபர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்குப் பெரிய ஒலிபெருக்கி ஒன்றைத் தாமே செய்துகொள்ள விரும்பி, அதற்காகப் பழைய தியேட்டர் ஊஃபர்களை, அதாவது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கர்களை, தேடிக்கொண்டிருப்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒரு ஜோடி 15 இன்ச் ஊஃபருக்கு 78,000 ரூபாய் கொடுத்தேன். எனக்கு வந்து சேர்ந்ததில் சட்டகமும் காந்தமும் மட்டுமே அசல். உள்ளே இருந்த கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு), ஸ்பைடர் (அதை நடுவில் தாங்கும் நெளிவட்டு), வாய்ஸ் காயில் (அதைத் தள்ளும் கம்பிச் சுருள்) அனைத்தும் மலிவான மாற்றுப் பொருள்கள். விற்றவருக்கு அது தெரியும்; தெரிந்தே மறைத்தார்.

இவ்வளவு பெரிய ஊஃபர் எனக்கு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. என்னிடம் இருப்பது இடம், வலம் எனப் பக்கத்துக்கு ஒரே ஒரு 300பி வால்வு (வெற்றிடக் குழாய்) கொண்ட ஆம்ப்ளிஃபையர். அது ஏறத்தாழ 8 வாட் தரும். சாதாரண வீட்டு ஒலிபெருக்கி பலவும் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவில் ஒலிக்கும். 97 டெசிபல் தரும் ஊஃபருக்கு அதே சத்தத்தைத் தரப் பத்தில் ஒரு பங்கு மின்சக்தி போதும்; அதாவது என் 8 வாட் அங்கே 80 வாட்டின் வேலையைச் செய்துவிடும். தவிலின் அடி அறைக்குள்ளும் மழுங்காமல் விழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு விலையாகப் பெட்டி பெரிதாக வேண்டும். ஆழமான பேஸ், அதிகத் திறன், சிறிய பெட்டி ஆகிய மூன்றும் ஒருசேர வாய்க்காது என்பது இந்தத் துறையில் மாறாத விதி.

நான் தேர்ந்தெடுத்தது ஜேபிஎல் 2226எச். அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் அளவுகளின்படி அதன் ஒத்ததிர்வு (கோன் இயல்பாகவே அதிரும் அலைவெண்) 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதைக் காட்டும் எண்; கூடினால் அடக்கம் குறைவு) 0.31, வாஸ் (கோனைத் தாங்கும் பாகங்களின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 175 லிட்டர், காயிலின் மின்தடை 5 ஓம், திறன் 97 டெசிபல். அதற்குள் செல்லும் மின்சக்தியில் சுமார் 3.3 சதவீதம் ஒலியாக மாறுகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், 87 டெசிபல் ஒலிபெருக்கியில் அப்படி மாறுவது 0.3 சதவீதம்தான். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற பொறியாளர்கள் வகுத்துத் தந்த கணக்கில் இந்த எண்களை இட்டால் பெட்டியின் அளவு தானாகவே வந்துவிடும். எனக்குக் கிடைத்த விடை: பெட்டி 150 லிட்டர், அதன் காற்றுத் துளை ஒத்ததிர வேண்டிய இடம் 38 ஹெர்ட்ஸ்.

விற்பவர் பழைய ஒலிக்கருவிகளை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர். மூடப்பட்ட ஒரு தியேட்டரில் இருந்து எடுத்தது என்றார். "கழட்டுன மாதிரியே வச்சிருக்கேன் சார், யாரும் கை வைக்கல, கோன் எல்லாம் ஒரிஜினல்" என்று இரண்டு முறை சொன்னார். காந்தத்தின் பின்புறம் லேபிள் இருந்தது, சட்டகத்தில் பழைய தூசி இருந்தது, பாட்டு போட்டுக் காட்டியபோது சத்தமும் வந்தது. என் பையிலேயே மல்டிமீட்டர் இருந்தது. அதை வெளியே எடுத்து அவரைச் சந்தேகிப்பது போல் நடந்துகொள்ளக் கூசி, எடுக்காமலே பணத்தை அனுப்பிவிட்டேன்.

அடுத்த இரண்டு மாதங்கள் பெட்டி வேலையில் கழிந்தன. வெளி அளவில் 900 மில்லிமீட்டர் உயரம், 550 அகலம், 400 ஆழம். 18 மில்லிமீட்டர் ஐஎஸ் 710 பிளைவுட். உள்ளே குறுக்குச் சட்டங்களுக்கும் ஊஃபருக்கும் உரிய இடத்தைக் கழித்தால் 150 லிட்டர் வரும். காற்றுத் துளைக்காக 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 16 சென்டிமீட்டர் துண்டுகளைப் பெட்டிக்கு இரண்டாகப் பொருத்தினேன். தச்சர் ஒரு மூட்டுகூட விலகாமல் செய்து கொடுத்தார். வெறும் பெட்டியைத் தூக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

முதல் நாள் கேட்டபோதே பேஸ் ஊதிப்போயிருந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி எந்தச் சுருதியில் இருந்தாலும் ஒரே இடத்தில் வீங்கி நின்றது. உயர்ந்த ஒலிகளுக்காக மேலே வைத்திருந்த ஹார்ன் என்ற புனல் வடிவ ஸ்பீக்கர் ஊஃபரை மீறிக் கத்தியது. ஒலியை ஊஃபருக்கும் ஹார்னுக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரில்தான் பிழை என்று நினைத்து மூன்று வாரம் ரெசிஸ்டர்களையும் காயில்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஹார்னை எவ்வளவு குறைத்தும் ஊஃபர் அதனுடன் சமமாக வரவில்லை. ஊஃபர் 97 டெசிபலாக இருந்தால் அப்படி நேர வழியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊஃபர்களைக் கழற்றி, கணினியின் சவுண்ட் கார்டையும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரையும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளையும் வைத்து மின்மறுப்பை (அலைவெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடையை) அளந்தேன். ஒன்றின் ஒத்ததிர்வு 58 ஹெர்ட்ஸ், மற்றொன்றுக்கு 66. காயில் மின்தடை ஒன்றில் 6.4 ஓம், மற்றொன்றில் 6.1. க்யூடிஎஸ் இரண்டிலும் 0.6க்கு மேல். ஒலி அளவியில் பார்த்தபோது திறன் 92 டெசிபலைத் தாண்டவில்லை. 0.31 என்ற எண்ணை நம்பிச் செய்த பெட்டியில் 0.6 ஊஃபரை வைத்தால் பேஸ் வீங்கத்தான் செய்யும்.

ரீகோனிங், அதாவது ஊஃபரின் கோனையும் காயிலையும் மாற்றும் வேலையில் நெடுநாள் அனுபவம் உள்ள ஒருவரிடம் ஒன்றைக் கொண்டுபோனேன். கோனையும் சட்டகத்தையும் இணைக்கும் விளிம்பை விரலால் தொட்டவுடனேயே "இது மாத்துனது தம்பி" என்றார். அந்த விளிம்பின் மேல் ஒட்டியிருக்கும் கேஸ்கெட் வளையத்துக்கு அடியில் பழைய பசையைச் சுரண்டிய கத்திக் கீறல்கள் இருந்தன. அவற்றின் மேல் புதிய கறுப்புப் பசை வழிந்து காய்ந்திருந்தது. என் சம்மதத்துடன், கோனின் நடுவில் மூடியாக இருக்கும் டஸ்ட் கேப்பைப் பிளேடால் வட்டமாக அறுத்துத் திறந்தார். அசலில் தட்டையான நாடாக் கம்பியை விளிம்பு வாட்டத்தில் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். இதில் இருந்தது சாதாரண உருண்டைக் கம்பி. சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. நான் மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்திருக்க, அவர் அந்த இடைவெளியில் நகத்தை வைத்துக் காட்டினார். இதை எழுதும்போதும் அந்தக் காட்சி கண் முன்னே நிற்கிறது.

இதன் விளைவைப் புரிந்துகொள்வது கடினமல்ல. உருண்டைக் கம்பி காந்த இடைவெளியில் நாடாவைப் போல நிறைந்து உட்காராததால் காயிலைத் தள்ளும் விசை குறைகிறது. விசை பாதியானால் திறன் கால் பங்காகிவிடும். கோனின் எடை கூடினாலும் அதே விகிதத்தில் திறன் விழும். ஸ்பைடரும், கோனின் விளிம்பைத் தாங்கும் சரவுண்டும் விறைப்பாக இருந்தால் ஒத்ததிர்வு மேலே ஏறும். வெளியில் தெரியும் காந்தமும் லேபிளும் அசலாகவே இருந்தும் இவற்றில் எதுவும் மாறப்போவதில்லை. ரீகோன் செய்த ஊஃபர் என்பதாலேயே அது மட்டமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அசல் உதிரிகளைக் கொண்டு பொறுப்பாகச் செய்த ரீகோன், அளவுகளை முன்பிருந்த இடத்துக்கே மீட்டுத் தரும். "லோக்கல் கோன் போட்டது" என்று உண்மையைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்குப் புகார் இருந்திருக்காது.

விற்றவரை அழைத்தேன். பெட்டி சரியில்லை என்றார், பிறகு ஆம்ப்ளிஃபையர் போதாது என்றார், அளவுப் படங்களை அனுப்பிய பிறகு எடுப்பதில்லை. பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. யுபிஐ ரசீதும் "கை வைக்கல" என்று அவர் எழுதியிருந்த வாட்ஸ்அப் செய்தியும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு என்பதால் அதற்கான வேலையும் நடக்கிறது.

நீங்கள் வாங்கப் போகும்போது மல்டிமீட்டரைக் கூச்சப்படாமல் எடுங்கள். இரண்டு ஊஃபரின் மின்தடையும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். அந்த மாடலுக்கு நிறுவனம் தந்திருக்கும் எண்ணையும் ஒட்டியிருக்க வேண்டும். 5 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 6.4 காட்டினால் அங்கேயே நின்றுவிடலாம். இரு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாக வைத்து மெல்ல அழுத்தி, காயில் உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கேஸ்கெட் விளிம்பையும் டஸ்ட் கேப்பைச் சுற்றியுள்ள பசையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பாட்டு போட்டுக் காட்டுவதை மட்டும் சோதனையாக ஏற்காதீர்கள். என் ஊஃபர்களும் பாடத்தான் செய்தன. முடிந்தால் மடிக்கணினியைக் கொண்டுபோய் மின்மறுப்பை அங்கேயே அளந்துவிடுங்கள். அதை அனுமதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். ரீகோன் செய்யப்பட்டதா இல்லையா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும், நிறுவனத்தின் எண்களை நம்பாமல் உங்கள் கையில் உள்ள ஊஃபரை அளந்து வந்த எண்களைக் கொண்டே பெட்டியைக் கணக்கிடுங்கள். மரத்தை அறுத்துவிட்டால் திருத்த இடமில்லை.

என் பெட்டிகள் இரண்டும் முன்பலகைத் துளையை அட்டையால் மூடியபடி கூடத்தில் நிற்கின்றன. அசல் ரீகோன் உதிரிகளுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் அதே ஆள், அதே வாசகத்துடன், மற்றொரு ஜோடியை விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கினால் விளிம்பில் அதே கறுப்புப் பசை தெரிகிறது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் யாராவது இப்படி ஊஃபர் வாங்கியிருந்தால், அல்லது விற்பவர் சம்மதித்து வாங்குவதற்கு முன்பே எடுத்துவர முடிந்தால், என்னிடம் கொண்டுவாருங்கள். ஒன்றை அளக்கப் பத்து நிமிடம் போதும். காசு வேண்டாம்.