அமெரிக்கத் தடைப் பட்டியல் தேடுதளம்: கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் வால்வு தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிப்பது என் பணி. கோவையில் வார்த்தெடுத்த பாகங்கள் வாளையாறு கடந்து இங்கே வந்து, கடைசலும் பொருத்துதலும் அழுத்தச் சோதனையும் முடிந்தபின் வல்லார்பாடம் முனையத்தில் கப்பலேறுகின்றன. வாங்குபவர் தடைப் பட்டியல் எதிலாவது இருக்கிறாரா என்று பார்க்க, அமெரிக்க வணிகத் துறையின் சர்வதேச வர்த்தக நிர்வாகம் இலவசமாக நடத்தும் ‘கன்சாலிடேட்டட் ஸ்க்ரீனிங் லிஸ்ட்’ என்னும் தேடுதளத்தை நாங்கள் பயன்படுத்துகிறோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் தமிழர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஆகவே, இத்தளத்தை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

இந்திய நிறுவனத்துக்கு அமெரிக்கப் பட்டியல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை விதிக்கும் தடைகளை மட்டுமே ஏற்பது, தனியொரு நாடு விதிக்கும் தடைகளை ஏற்காமல் இருப்பது என்பதே இந்திய அரசின் நெடுநாள் நிலைப்பாடு. ஆனால் டாலரில் வரும் பணம் பெரும்பாலும் நியூயார்க்கில் உள்ள வங்கிகளைக் கடந்துதான் நம் கணக்குக்கு வருகிறது. அங்கே ஒரு பெயர் சிக்கினால் சரக்கு போய்ச் சேர்ந்த பின்னும் பணம் முடங்கும். 2024 அக்டோபர் இறுதியில் ரஷ்யா தொடர்பான நடவடிக்கையில் அமெரிக்கா ஏறத்தாழ 400 பெயர்களைத் தடைக்கு உட்படுத்தியபோது, அவற்றுள் இந்திய நிறுவனங்கள் 19 இருந்தன. ஐரோப்பாவோடு வணிகம் செய்பவர்களுக்கு வேறொரு அழுத்தமும் உண்டு. 2023 டிசம்பரில் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பன்னிரண்டாவது தடைத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட சில வகைப் பொருள்களை வெளிநாட்டுக்கு விற்கும் ஐரோப்பிய நிறுவனங்கள், அவற்றை ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி செய்யக்கூடாது என்ற விதியை 2024 மார்ச் 20 முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டியிருக்கிறது.

இனித் தளத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வணிகத் துறை, வெளியுறவுத் துறை, கருவூலத் துறை ஆகிய மூன்றும் தனித்தனியே வெளியிடும் பட்டியல்களை ஒரே தேடலில் பார்க்க முடிவது இதன் முதல் சிறப்பு. கருவூலத் துறையில் பொருளாதாரத் தடைகளை நிர்வகிக்கும் ஓஃபாக் அலுவலகம் சொத்துகளை முடக்கிய பெயர்கள், உரிமம் இல்லாமல் அமெரிக்கப் பொருள்களை அனுப்பக்கூடாதவர்களைச் சொல்லும் வணிகத் துறையின் என்டிட்டி லிஸ்ட், ஏற்றுமதி உரிமை மறுக்கப்பட்டவர்கள், சரிபார்க்க முடியாதவர்கள் எனப் பலவும் இதில் அடங்கும். பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும். பக்கம் எளிமையானது, பதிவு செய்யவோ பணம் கட்டவோ தேவையில்லை. ஒவ்வொரு முடிவிலும் அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதும், மாற்றுப் பெயர்களும் முகவரியும் தெரிகின்றன.

எங்கள் பகுதிக்கு மிகவும் பயன்படுவது ஒத்த பெயர்த் தேடல் வசதி. மலபாரிலிருந்து வளைகுடா சென்று தொழில் நடத்துபவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானோர். முகமது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். துபாய் வணிக உரிமத்தில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் இருப்பது அங்கே சாதாரணம். எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்தும் பெயரை மட்டும் தேடினால் உண்மையான பொருத்தம் தப்பிப்போகும். ஒத்த பெயர்த் தேடலை இயக்கினாலோ, யாதொரு தொடர்பும் இல்லாத பலர் வரிசையில் வந்து நிற்பார்கள். அப்படி வருபவர்களைப் பார்த்துப் பதறிக் கொள்முதல் ஆணையைத் திருப்பி அனுப்புவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி. பிறந்த தேதி, நகரம், கடவுச்சீட்டு எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஏன் இவர் அவரில்லை என்று இரண்டு வரி எழுதிக் கோப்பில் வைத்தால் போதும். ஓஃபாக் அலுவலகத்துக்குத் தனியாக ஒரு தேடுதளம் உண்டு. அதில் பெயர்ப் பொருத்தத்தின் குறைந்தபட்ச மதிப்பெண்ணை நாமே கூட்டிக் குறைக்கலாம். நூறிலேயே விட்டுவிடாமல் சற்றே இறக்கித் தேடுவது நல்லது. அடையாள எண்ணைக் கொண்டு தேடும் வசதியும் அங்கே இருக்கிறது.

ஐக்கிய நாடுகள், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் ஆகியவற்றின் பட்டியல்கள் கன்சாலிடேட்டட் ஸ்க்ரீனிங் லிஸ்ட் தளத்தில் இல்லை. பலர் கவனிக்காத குறை இது. அமெரிக்கத் தளத்தில் பெயர் இல்லையென்றதும் வேலை முடிந்தது என்று எண்ணுபவர்கள், நம் நாட்டுச் சட்டப்படி நம்மைக் கட்டுப்படுத்தும் ஐக்கிய நாடுகள் பட்டியலைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கெனத் தனித் தளம் இருக்கிறது. அதையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இதைவிட ஆழமான குறை, பங்குரிமையைப் பற்றியது. சொத்து முடக்கப்பட்டவர்கள் ஒருவரோ பலரோ சேர்ந்து ஐம்பது விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமும் முடக்கப்பட்டதாகவே கருதப்படும் என்பது ஓஃபாக்கின் விதி. முடக்கப்பட்ட இருவரில் ஒருவருக்கு 30 விழுக்காடும் மற்றவருக்கு 25 விழுக்காடும் இருந்தால், அந்த நிறுவனத்தின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாதபோதும் தடை அதன்மீது பாயும். இதே போன்ற விதியை வணிகத் துறை 2025 செப்டம்பரில் தன் பட்டியல்களுக்கும் கொண்டுவந்து, நவம்பரில் ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை இந்தத் தளம் ஒருபோதும் சொல்லாது. வணிக உரிமத்தையும் பங்குதாரர் பட்டியலையும் வாங்குபவரிடமே கேட்டுப் பெற்று, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே தேட வேண்டும். புதிய வாடிக்கையாளரிடம் இதைக் கேட்கத் தயங்கக்கூடாது. நேர்மையாகத் தொழில் செய்பவர்கள், தங்கள் வங்கிக்கு ஏற்கெனவே கொடுத்த அதே தாள்களை நமக்கும் அனுப்பிவைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தளம் ஆளைப் பற்றியது. அனுப்பும் சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எங்கள் தொழிலில் ஆபத்து பெரும்பாலும் சரக்கில்தான் இருக்கிறது. சாதாரண 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வால்வு பொதுவாகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வராது. அதே வடிவ வால்வில், அளவு 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்டு, திரவம் படும் பரப்பு முழுவதும் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் கொண்ட உலோகக் கலவையாகவோ, டைட்டானியமாகவோ, ஃப்ளூரோபாலிமர் பூச்சாகவோ இருந்தால், அது வேதி ஆயுதத் தயாரிப்புக்கும் பயன்படக்கூடிய கருவியாகிவிடுகிறது. வேதி, உயிரி ஆயுதங்கள் பரவாமல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டமைப்பு, 2018 ஜனவரியில் இந்தியாவும் சேர்ந்த ஆஸ்திரேலியா குழுமம்; அதன் பட்டியலில் இத்தகைய வால்வுகள் இருக்கின்றன. ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நம் நாட்டின் ஸ்கோமெட் பட்டியலிலும் மூன்றாம் பிரிவில் வேதித் தொழிற்கருவிகள் இடம்பெற்றுள்ளன. அவற்றை அனுப்ப, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதியும் இறுதிப் பயனர் சான்றிதழும் வேண்டும். வாங்குபவர் எவ்வளவு தூய்மையானவராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. பட்டியலில் இல்லாத பொருளும்கூட, பேரழிவு ஆயுதத் தயாரிப்புக்குப் போகும் என்று நமக்குத் தெரிந்துவிட்டால் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் சட்டம் அதைத் தெளிவாகவே தடுக்கிறது. எனவே கொள்முதல் ஆணை வந்ததும் பெயரைத் தேடுவதற்கு முன்பே, பொருளின் உலோகத்தையும் அளவையும் உற்பத்திப் பிரிவிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுகிறேன்.

கட்டணம் வாங்கிக்கொண்டு ‘தடை இல்லை’ என்று ஒரு பக்கச் சான்று தரும் இடைத்தரகர்களும் இப்பகுதியில் இருக்கிறார்கள். எனக்கு வந்த அத்தகைய சான்று ஒன்றில் தேடிய தேதியும் இல்லை, எந்தப் பட்டியலைப் பார்த்தார்கள் என்ற விவரமும் இல்லை. இந்த இலவசத் தளத்தில் பத்து நிமிடம் செலவிட்டு நாமே எடுக்கும் பதிவு அதைவிடப் பன்மடங்கு மேலானது. பங்குரிமை விவரங்களையும் சேர்த்துத் தரும் கட்டண மென்பொருள்கள் நல்லவைதான். மாதம் இருநூறு முந்நூறு ஆணைகள் வரும் நிறுவனத்துக்கு அவை தேவைப்படும். பத்துப் பன்னிரண்டு ஆணைகளோடு நிற்கும் தொழிற்கூடத்துக்கு இத்தளமும் ஐக்கிய நாடுகளின் தளமும் வாங்குபவரின் பங்குதாரர் பட்டியலும் போதுமானவை என்பது என் உறுதியான கருத்து.

பயன்படுத்தத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆணை வந்த நாளில் ஒருமுறை, சுங்கத் துறைக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில் போடும் நாளில் மறுமுறை என இரண்டு தடவை தேடுங்கள். இடைப்பட்ட வாரங்களில் பட்டியல் மாறியிருக்கக்கூடும். வாங்குபவரோடு நின்றுவிடாமல், சரக்கைப் பெறுபவர், இடையில் வரும் முகவர், பணம் அனுப்பும் நிறுவனம், ஏற்றிச் செல்லும் கப்பல் ஆகியவற்றையும் தேடுங்கள். ஒவ்வொரு முடிவையும் தேதியோடு அச்செடுத்து, இன்வாய்ஸ் நகலோடு சேர்த்து ஐந்தாண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள்.