டேப்பெட் சத்தமா? கோவை உக்கடம் பக்கம் ஒரு நல்ல பட்டறை

பழைய அம்பாசிடர் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் 'டக் டக்' என்று டேப்பெட் சத்தம் (வால்வு இடைவெளி கூடினால் வருவது) கேட்டதும் இடைவெளி ஸ்குருவை இறுக்கி அனுப்பிவிடுவது பெரிய தப்பு. சத்தம் அடங்கும், ஆனால் வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும். இந்தப் பட்டறையில் அப்படிச் செய்வதில்லை. நீள ஸ்குருடிரைவரை ராக்கர் கவர் (வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர் கைகளின் மூடி) மேல் ஊன்றி, எந்த வால்வு என்று காது வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் ஒன்பதுக் கணக்கு (இரண்டு வால்வு எண்களையும் கூட்டினால் ஒன்பது): 8ஆவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 1ஆவதைச் சரிசெய்வார்கள், 6 திறந்தால் 3. ராக்கர் நுனிக்கும் வால்வுக்கும் இடைவெளி 0.015 அங்குலம்.

ராக்கர் நுனியைத் திருப்பிப் பார்த்தால் நகம் தட்டுகிற அளவுக்குக் குழி இருக்கும். தட்டையான ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்தக் குழியின் மேலாகவே போவதால் அளவு சரி என்றே காட்டும், ஆனால் நிஜ இடைவெளி கூடுதல் என்பதால் சத்தம் போகாது. நுனியைச் சமப்படுத்திய பிறகே இங்கே அளக்கிறார்கள். ராக்கர்கள் மாட்டியிருக்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கத் தேய்மானத்தையும் கழற்றிப் பார்க்கிறார்கள், அருமை.

ஒரே குறை: ராக்கர் கவருக்கு அடியில் வரும் பழைய கார்க் கேஸ்கெட்டையே திரும்பப் போடுகிறார்கள், ஆயில் கசியும். புதுசு ஒன்றைக் கையோடு கொண்டு போங்க.