மேசைக்குக் கீழே சென்சர் ஒட்ட வருகிறவர்களிடம் கவனம்

கொழும்பில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு அடுத்த கூறுவிலையில் கையெழுத்து வையுங்கள்.

2025 ஏப்ரலில் எங்கள் நிறுவனம் கொள்ளுப்பிட்டியில் இரண்டு மாடிகளில் இருந்தது. 112 மேசைகள், 9 கூட்ட அறைகள், ஏறக்குறைய 150 ஊழியர்கள். இன்றைக்கு எங்களிடம் இருப்பது ஒரு மாடி, 56 மேசைகள். மற்ற மாடியைக் கையை விட்டதற்குக் காரணம், மேசைகளில் ஆள் இருக்கிறாரா என்று சென்சர்களை ஒட்டி அளந்து, வண்ண வண்ணமாக அச்சிட்ட ஓர் அறிக்கை. அதைத் தயாரித்தவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தவள் நான்தான். ஆகவே என் பிழைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

2020 ஊரடங்கில் வீட்டுக்குப் போன வேலை, 2022இல் பெற்றோல் வரிசைகளோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகம், மிச்ச நாள் வீடு என்று ஓர் ஒழுங்கு தானாக அமைந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு மாடி முழுவதும் மூன்றே பேர் இருப்பதையும் அதற்கும் குளிரூட்டி ஓடுவதையும் பார்த்தால் எந்த நிதிப் பிரிவுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். எத்தனை மேசை உண்மையில் தேவை என்று அளந்து பார்ப்போம் என்றார்கள். நியாயமான கேள்வி, அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்தில்லை.

இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து, ஏதோ ஓர் அலுவலகத்தின் வரைபடம் சிவப்பும் பச்சையுமாக மினுங்குவதைக் காட்டினார்கள். “மிஸ், எந்தக் கதிரையில் எந்த நேரத்தில் ஆள் இருக்கிறார் என்று நீங்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்” என்றார்கள். 18 இலட்சம் ரூபாய், பாதி முற்பணம். கொடுத்தோம். ஒரே சனிக்கிழமையில் 112 மேசைகளுக்கும் 9 அறைகளுக்கும் சென்சர் பெட்டிகளை ஒட்டி முடித்துவிட்டார்கள். ஒரு நாளில் 121 பெட்டிகளா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, “கெட்டிக்காரப் பிள்ளைகள்” என்று பாராட்டித் தேநீர் கொடுத்தேன்.

அந்தப் பெட்டியின் வேலை எளிமையானது. உடம்பின் வெப்பம் அதன் முன்னால் அசைவதை அது உணர்கிறது. ஆள் ஆடாமல் இருந்தால் அதற்கு ஆள் தெரியாது. அதனால் கடைசி அசைவுக்குப் பிறகும் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு ‘ஆள் உண்டு’ என்றே வைத்திருக்கும்படி அமைப்பார்கள். முறையாகப் பொருத்தினால் மேசைகளுக்கு இது போதுமான கருவி. என் முறைப்பாடு கருவியைப் பற்றியது அல்ல.

அளந்த காலம் ஏப்ரல் 7 முதல் 18 வரை. இந்த இடத்தில் கொழும்புக்காரர்கள் சிரிப்பீர்கள். 14ஆம் திகதி திங்கட்கிழமை சித்திரைப் புத்தாண்டு, 18ஆம் திகதி பெரிய வெள்ளி. இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று நாளும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று ஊருக்குப் போனவர்கள் திரும்பாத நாட்கள். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை என்றால் எங்கள் அலுவலகத்தில் இருக்கவும் ஆளில்லை என்று பொருள். மாத முடிவுக்குள் அறிக்கை வேண்டும் என்று அவசரப்படுத்தியது நாங்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவெடுப்பதே தொழிலாகக் கொண்டவர் இந்த ஊரில் சித்திரை மாதம் என்று ஒன்று உண்டு என்பதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

அறிக்கையின் முதல் பக்கத்தில், உள்ளங்கை அளவு எழுத்தில், 31% என்று இருந்தது. சராசரி மேசைப் பயன்பாடு. ஒரு மாடி போதும், அதுவும் தாராளமாகப் போதும் என்பது பரிந்துரை. மே மாதம் கட்டட உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுத்தோம். ஜூன் முடிவில் மேல் மாடியைக் காலி செய்தோம். ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஏறத்தாழ நாற்பது பேர் நடைபாதையில் நின்றார்கள். கணக்குப் பிரிவில் இருவர் சமையலறை மேடையில், சீனிப் போத்தலை ஒதுக்கிவிட்டு, வேலை செய்தார்கள். புதன்கிழமையும் அதே கதை.

முதலில் உண்மையைச் சொன்னவர் எங்களுக்குத் தேநீர் போடும் அண்ணன். “எப்போதுமே செவ்வாய், புதனில்தான் மிஸ் பால்மா கூடப் போகும். வெள்ளிக்கிழமை ஒரு கேத்தல் தண்ணீரே மிஞ்சும். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே” என்றார். வெளியூர்க்காரர்கள் வியாழன் இரவு பஸ் ஏறித் திங்கள் திரும்புகிறார்கள். ஆகவே எல்லாருக்கும் வசதியான நாட்கள் அந்த இரண்டும்தான். இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். 31% என்ற எண்ணுக்கு முன்னால் தெரிந்ததை மறந்துவிட்டேன்.

அவரே இன்னொன்றும் சொன்னார். “உங்களுடைய மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டி மட்டும் மினுங்குவதே இல்லை. கூட்டும்போது பார்க்கிறேனே.”

கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தேன். தீப்பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டி, இருபக்க ஒட்டுநாடாவில் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்துத் திருப்பினேன். பின்மூடியின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வாங்கும் விளையாட்டுச் சாமான்களில் பற்றரிக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்திருப்பார்களே, இழுத்தால்தான் வேலை செய்யும் என்று, அதே தாள். இழுத்தேன். சிவப்பு விளக்கு ஒருமுறை மினுங்கியது. மூன்று மாதங்களுக்கு மேலாக நான் அந்தக் கதிரையில்தான் இருக்கிறேன். பெட்டி அன்றைக்குத்தான் பிறந்தது.

அதன்பிறகு எங்கள் கணினிப் பிரிவுத் தம்பி, பெட்டிகளின் சமிக்ஞையை வாங்கி அனுப்பும் கருவியிலிருந்து ஏப்ரல் மாதப் பதிவுகளை இறக்கித் தந்தார். 112 மேசைகளில் 27 மேசைகளிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. பற்றரித் தாள் இழுக்கப்படாதவை சில, சமிக்ஞை எட்டாத மூலையில் ஒட்டியவை சில. மென்பொருளுக்கு இந்த வேறுபாடெல்லாம் இல்லை. பதிவு வரவில்லையா, பூச்சியம். பூச்சியமா, மேசை காலி. செத்துப்போன பெட்டியும் ஆளில்லாத கதிரையும் அங்கே ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் பயன்பட்ட மேசைகளை எண்ணி, பத்து நாட்களையும் கூட்டினால் 347. அவர்கள் அதை 112 மேசை × 10 நாள், அதாவது 1120ஆல் வகுத்திருக்கிறார்கள். 31%. உயிரோடு இருந்த 85 மேசைகளையும் விடுமுறை போக மிஞ்சிய 8 நாட்களையும் வைத்தால் 680ஆல் வகுக்க வேண்டும். 51%. அதுவும் பாதிப் பேர் ஊரில் இருந்த வாரத்தையும் சேர்த்துத்தான். ஏப்ரல் 8 செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்தால் 85இல் 71. எண்பத்து நான்கு வீதம். அலுவலகம் திணறுவது செவ்வாய்க்கிழமையில். மேசை எத்தனை என்பதை அந்த நாளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சராசரி என்ற பெயரில் அந்த நாளை வெள்ளிக்கிழமையோடு கலந்து கரைத்துவிட்டார்கள்.

கூட்ட அறைகளில் பிழை நேர்மாறானது. அறைகள் எந்நேரமும் நிறைந்திருக்கின்றன, பெரிய அறை இன்னும் இரண்டு கட்டுங்கள் என்றது அறிக்கை. அறைக் கூரையில் ஒட்டியதும் இதே வகைப் பெட்டிதான். அதற்கு ஆள் உண்டா இல்லையா என்று சொல்லத் தெரியும், எத்தனை பேர் என்று எண்ணத் தெரியாது. நானே போய்ப் பார்த்தேன். எட்டுப் பேர் இருக்கக்கூடிய அறையில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருக்கும் சகாக்களோடு சூம் அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலும் ஒருவர்தான். எங்களுக்குத் தேவைப்பட்டது பெரிய அறையல்ல, ஒருவர் நின்று பேச நாலு சிறிய கூண்டுகள். நல்லவேளை, அதற்குக் காசு இறைக்கும் முன் கண் திறந்தது.

இன்னொன்று, சுருக்கமாக. திரையில் மேசை எண்களுக்குப் பக்கத்தில் ஊழியர்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். யார் எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்பது முகாமையாளர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில் இப்படிச் செய்யலாமா என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். இடத்தை அளக்க மேசையின் எண்ணே போதும்.

விற்றவர்களிடம் அந்த 27 மேசைகளைப் பற்றிக் கேட்டபோது முதலில் வந்த பதில்: “ஊழியர்கள் நீண்ட நேரம் அசையாமல் இருந்திருக்கலாம்.” எட்டு வேலை நாள் அசையாமல்! தவசிகளைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறோம் போலும். அடுத்த பதில், மூலப் பதிவுகள் அவர்களுடைய சொத்து, வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்பது. ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான், பதினோராம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாவது முறை பதிலே இல்லை. நேரில் போனேன். பகிர்வு அலுவலகம் ஒன்றில் அவர்கள் ஒரே ஒரு மேசையை வாடகைக்கு வைத்திருந்தார்கள். அது காலியாக இருந்தது.

நீங்கள் இப்படி ஒரு வேலையைக் கொடுப்பதாக இருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஆளை இருத்தி, திரையில் அந்த மேசை நிறம் மாறுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பதிவு வராத மேசையைப் பூச்சியமாகப் போடாமல் வெற்றிடமாக விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மணிவாரியான மூலப் பதிவு உங்களுக்குச் சொந்தம் என்றும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் போதாது. ஆறு வாரமாவது வேண்டும், அதிலும் ஏப்ரலும் டிசம்பரும் வேண்டாம், போயா (பௌர்ணமி) விடுமுறைகளைக் கழித்துவிட வேண்டும். சராசரியைக் காட்டினால் மிக நெருக்கமான நாளின் எண்ணைத் தனியாகக் கேளுங்கள். கூடவே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக் காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் தலைகளை எண்ணி எழுதி வாருங்கள். ஓகஸ்டில் நானும் தேநீர் அண்ணனும் மூன்று வாரம் அப்படி எண்ணினோம். செவ்வாய்க்கிழமைகளில் 97, 91, 95 பேர். கொப்பியின் விலை 18 இலட்சத்தைவிட மிகவும் குறைவு.

மிச்சப் பாதிப் பணத்தை நாங்கள் கொடுக்கவில்லை. சட்டத்தரணி மூலம் கடிதம் போயிருக்கிறது. மேல் மாடியில் இப்போது வேறொரு நிறுவனம் இருக்கிறது, திரும்பக் கேட்க வழியில்லை. செவ்வாய், புதன் நாட்களுக்குப் பிரிவு பிரிவாக முறை போட்டிருக்கிறோம். எல்லாருக்கும் என்மேல் கோபம். அந்த பிளாஸ்டிக் தாளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், சட்டத்தரணி பத்திரமாக வைக்கச் சொன்னார்.