ஆட்டோமேட்டிக் கேட்டேன், கிளட்ச் வண்டி வந்தது: நாகர்கோவிலில் கார் வாங்கிய அனுபவம்

கார் வாங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை விற்ற நாகர்கோவில் ஷோரூமைப் பற்றி எழுதாமல் விட மனசு வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இன்னும் இரண்டு டீச்சர்கள் கார் புக் பண்ணப் போகிறார்கள், அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்கு அருமனை பக்கம் ஊர். 2019-இல் ஸ்கூட்டரில் இருந்து விழுந்து இடது கணுக்கால் உடைந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஏறலாம், இறங்கலாம். ஆனால் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டி ஊர்கிற நேரத்தில் கிளட்சை மிதித்து மிதித்து விட்டால் ராத்திரி கால் வீங்கிவிடும். அதனால்தான் ஏ.எம்.டி. என்கிற ஆட்டோமேட்டிக் வகை கேட்டேன். அதில் கியர்பாக்ஸ் சாதாரணமானதுதான், கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்யும், இடது காலுக்கு வேலை கிடையாது. எங்கள் வீட்டுக்கு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப்போகிற ரோடு, அதனால் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்து நிற்கிற வசதியும் வேண்டும். நான் குள்ளம், டிரைவர் சீட்டை உயர்த்துகிற வசதியும் வேண்டும். இதெல்லாம் சேர்ந்து வருவது மேல் வேரியன்டில்தான். நான் கேட்ட நிறத்தில் அந்த வேரியன்ட் ஸ்டாக்கில் இல்லை, கம்பெனிக்கு ஆர்டர் போட்டுத்தான் வர வேண்டும் என்றார்கள். சரி என்று ஜூலை 2025-இல் 11 ஆயிரம் கட்டி புக் செய்தேன், அப்புறம் இன்னொரு 50 ஆயிரம். ஓணத்துக்கு முன்னால் வண்டி கைக்கு வரும் என்று வாக்கு.

ஆகஸ்ட் கடைசி வாரம் போன் வந்தது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் சீட்டைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை, என் கண் நேராகக் கீழே போனது. பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல் மூன்று பெடல். கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. அண்ணன்தான் ஷோரூம் பையனிடம், "தம்பி, இது கிளட்ச் வண்டியில்லா?" என்று கேட்டான்.

தப்பு நடக்கும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு வரி மாறிப் போயிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முதலில், மேனுவல் என்றால் மைலேஜ் நல்லாக் கிடைக்கும் மேடம் என்றார்கள். அப்புறம், இந்த வாரமே எடுத்தால் ஓணம் ஆஃபர் உண்டு, விட்டால் இந்தக் கலரே கிடைக்காது என்றார்கள். அப்புறம், நீங்கதான் போனில் மேனுவல் போதும் என்று சொன்னீங்க என்றார்கள். புக்கிங் ஃபாரத்தின் நகல் என் கைப்பையில் இருந்தது, அதில் ஏ.எம்.டி. என்ற எழுத்தை அவர்களுடைய பையனே நீல மையில் வட்டம் போட்டிருந்தான். அதை எடுத்து மேசையில் வைத்ததும் மேனேஜர் சொன்னது: "சார் நம்பர் குடுங்க, நாங்க சார்கிட்ட பேசிக்கிறோம்." வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வண்டி என் பெயரில், லோன் என் சம்பளத்தில், கால் என் கால். சார்கிட்ட எதைப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கடைசியாக ஒரு யோசனை சொன்னார்கள். கிளட்சைக் காலால் மிதிக்காமல் ஓட்ட வெளியே ஆட்டோ கிளட்ச் கிட் கிடைக்கும், எங்கள் செலவில் போட்டுத் தருகிறோம் என்று. விவரம் தெரியாதவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள், நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அவர்களுடைய சர்வீஸ் பக்கம் வேலை செய்கிற வயதான மெக்கானிக் ஒருவர் வண்டி பக்கத்தில் நின்றிருந்தார். மேனேஜர் உள்ளே போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், கிட்டு மாட்டினா வாரண்டி கேக்க முடியாது. ஆர்.டி.ஓ.விலயும் எழுதி வாங்கணும். எடுக்காதீங்க." அவர் சொன்னது சரி. கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு விடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. கால் வசதிக்காக மாற்றுவதென்றாலும் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். புது வண்டிக்கு முழுப் பணமும் கொடுக்கிற நான் எதற்கு அந்த அலைச்சல் அலைய வேண்டும்?

நல்லவேளை, பேங்க் டி.டி.யை நான் கொடுத்திருக்கவில்லை. வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பணம் என்று பேங்கிலேயே ஒருவர் சொல்லியிருந்தார், அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குள் அந்தக் கிளட்ச் வண்டியின் சேசிஸ் நம்பருக்கு (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கிற அடையாள எண்) என் பெயரில் இன்சூரன்ஸ் போட்டுவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தது ரெஜிஸ்ட்ரேஷன்தான். டி.என். 75 நம்பர் விழுந்திருந்தால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு திருப்பிக் கொடுத்தால் அது இரண்டாம் கை வண்டி, ஷோரூம் சும்மா எடுத்துக்கொள்ளாது.

அன்றைக்கு இரவே உட்கார்ந்து கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பினேன். புக்கிங் ஃபாரம், பணம் கட்டிய ரசீது, மூன்று பெடலின் போட்டோ, இன்சூரன்ஸ் காகிதம், எல்லாம் தேதி வரிசையில். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவேன், அப்புறம் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. அதுவரை ஒன்பது தடவை போன் பண்ணியும் கிடைக்காத ஜெனரல் மேனேஜர் நான்காம் நாள் தானே கூப்பிட்டார். பழைய ஆர்டர் ரத்து, இன்சூரன்ஸ் ரத்து, சரியான வேரியன்டுக்குப் புது ஆர்டர். இந்தத் தடவை வேரியன்டின் முழுப் பெயர், நிறம், வந்து சேரும் தேதி எல்லாம் அவர்கள் லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து.

இதற்கு நடுவில்தான் செப்டம்பர் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அறிவிப்பு வந்தது. சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் உட்பட 29 சதவீதமாக இருந்த வரி 22-ஆம் தேதியில் இருந்து 18 சதவீதம். என் வண்டிக்கு 60 ஆயிரத்துக்கும் மேல் குறைந்தது. உடனே அவர்கள், "பாத்தீங்களா மேடம், எங்க தப்பால உங்களுக்கு லாபம்தானே" என்று அதையே நஷ்டஈடு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். அது அரசாங்கம் குறைத்த வரி, அன்றைக்கு வண்டி வாங்கிய எல்லோருக்கும் குறைந்தது. ஆறு வாரம் நான் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் போன காசு என் கையில் இருந்து போனது. இதை அழுத்திச் சொன்ன பிறகு இரண்டு வருட நீட்டிப்பு வாரண்டியைப் பணம் வாங்காமல் கொடுத்தார்கள், பில்லில் இருந்த ஹேண்ட்லிங் சார்ஜை எடுத்தார்கள். இன்சூரன்ஸை நானே வெளியே போட்டுக்கொண்டேன், அவர்கள் சொன்னதைவிடக் குறைவாகவே முடிந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் வண்டி வந்தது. முதலில் பெடலை எண்ணினேன், இரண்டு. அப்புறம் சேசிஸ் நம்பரின் 17 எழுத்தையும் அண்ணன் வாசிக்க நான் விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டிலும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்று கவனியுங்கள், படிவம் 21-இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், ஆனால் கியர் எந்த வகை என்று தனி வரி கிடையாது, மாடல் பெயரின் வாலில் இருக்கிற எழுத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலையில் எனக்கு வந்த புக்கிங் மெசேஜிலும் அந்த வால் எழுத்து மாறித்தான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அன்றைக்கே பார்த்திருந்தால் ஓணத்துக்கு வண்டி வீட்டில் நின்றிருக்கும்.

விற்பனைப் பிரிவுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும்கூட எழுத்தில் கொடுத்த தேதியைக் காப்பாற்றியதற்கு. சர்வீஸுக்கு மட்டும் அங்கேயேதான் போகிறேன், முதல் சர்வீஸ் முடிந்துவிட்டது. அந்த மெக்கானிக்தான் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஏத்தத்துல நல்லா நிக்குது டீச்சர்" என்று சாவியைக் கையில் தந்தார்.