2,000 வோல்ட் என்று ஒட்டியிருந்த பெட்டி: பிளாஸ்மா உந்தி செய்யும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிளாஸ்மா உந்தி என்பது மின்னேற்றம் பெற்ற வாயுவைப் பீறிட வைத்து விண்கலத்தைத் தள்ளும் சிறு இயந்திரம். அதைச் செய்யக் கிளம்பும் மாணவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் மின்சாரம்தான். உந்தியின் உடலைப் பித்தளைத் தகட்டிலும் டெஃப்லான் கட்டையிலும் நாமே அறுத்துச் செய்துகொள்ளலாம். உயர் மின்னழுத்தம் தரும் மின்வழங்கியை அப்படிச் செய்துவிட முடியாது. நல்லதாக வாங்கக் கையில் பணமும் இருக்காது. அந்த இடத்தில்தான் நாங்கள் ஏமாந்தோம். நான்கு பேர் ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதோடு என் நண்பனின் உயிரும் போயிருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது துடிப்பு வகை உந்தி. மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலை டெஃப்லான் கட்டையின் முகத்தின்மீது ஒரே வீச்சில் பாய்ச்சினால் அதன் மேற்பரப்பு ஆவியாகி, பிளாஸ்மாவாகிப் பீறிடும். 1964-இல் சோவியத் ஒன்றியத்தின் சோண்ட் 2 விண்கலத்தில் சென்ற நுட்பம் இது. வாயுத் தொட்டியும் வால்வும் தேவையில்லை என்பதால் மாணவர் கைக்கு எட்டும். 5 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 2,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 10 ஜூல் கிடைக்கும். 20 வாட் மின்வழங்கி அதை அரை நொடியில் நிரப்பிவிடும். இந்தக் கணக்கை வைத்தே டெஃப்லான் முகத்தின் அகலத்தையும் மின்முனைகளின் இடைவெளியையும் முடிவு செய்தோம்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் இரண்டும் சேர்த்தே கிடைத்தன: '2,000 வோல்ட், 20 வாட்' மின்வழங்கி, '5 மைக்ரோஃபாரட், 2,500 வோல்ட்' மின்தேக்கி. அணைத்ததும் மின்னூட்டத்தை வடித்துவிடும் மின்தடை உள்ளேயே இருப்பதாகவும் எழுதியிருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொன்னார். சோதனைச் சான்று என்று ஒரு தாளும் அனுப்பினார். நம்பினோம்.

உந்தியைச் சோதிக்கும் வெற்றிடக் கலனைச் சரிசெய்து முடிப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு கடந்துவிட்டது. முதல் சோதனையில், பாய்ச்சலைத் தொடங்கிவைக்கும் தூண்டு பொறி ஒழுங்காக விழுந்தது. அதைத் தொடர்ந்து வரவேண்டிய வெளிச்சம் மட்டும் நோஞ்சானாக மின்னி மறைந்தது. ஐம்பது துடிப்புக்குப் பிறகு கலனைத் திறந்தால், பால்போல் வெள்ளையாக இருந்த டெஃப்லான் முகத்தில் விளக்குக் கரிபோல ஒரு படலம். விரலால் துடைத்தால் ஒட்டியது. பரப்புக்கு ஏற்ற ஆற்றல் கிடைக்காவிட்டால் டெஃப்லான் இப்படித்தான் கரியும். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. பம்பைச் சந்தேகித்தோம், இடைவெளியைச் சந்தேகித்தோம், கட்டையை மாற்றினோம். மூன்று வாரம் போனது. பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணை மட்டும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

அளந்து பார்க்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் மல்டிமீட்டர் 1,000 வோல்ட் வரைதான் தாங்கும். இப்படி விற்பவர்களின் துணிச்சலே அதில்தான் இருக்கிறது: மாணவனிடம் உயர் மின்னழுத்தம் அளக்கும் கருவி இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் வழி காட்டினார். 10 மெகா ஓம் மின்தடை பத்தை வரிசையாகக் கோத்து, அடியில் 100 கிலோ ஓம் ஒன்றை வைத்து, அந்தக் கடைசி ஒன்றின் குறுக்கே மட்டும் மீட்டரை வைத்தோம். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு தெரியும். பத்தாகப் பிரிப்பதற்கும் காரணம் இருக்கிறது: சாதாரணக் கால் வாட் மின்தடை 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 2,000 வோல்ட்டைப் பத்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 200தான்.

மீட்டர் 1.14 வோல்ட்டில் நின்றுவிட்டது. அதாவது சுமார் 1,150 வோல்ட். மின்தேக்கியைத் தனியே அளந்தால் 3.1 மைக்ரோஃபாரட். 10 ஜூல் என்று நினைத்தது 2 ஜூல். அதை நிரப்ப 4 நொடி ஆனது. ஆக 20 வாட் என்றது வெறும் அரை வாட். மின்னழுத்தம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும் என்பதால் எண்ணில் செய்த பொய் உந்தியில் இரட்டிப்பாக இறங்குகிறது.

2 ஜூல் குறைவு என்பது என் குறை இல்லை. 1968-இல் ஏவப்பட்ட எல்.இ.எஸ். 6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் உந்தி, துடிப்புக்கு 2 ஜூலுக்கும் குறைவான ஆற்றலில்தான் இயங்கியது. 2 ஜூல் என்று சொல்லி விற்றிருந்தால் அதற்கேற்ற சிறிய முகத்தோடு நாங்களும் செய்திருப்போம்.

இனி நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. மின்வழங்கியை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மின்னூட்டம் எப்போதோ வடிந்திருக்கும் என்று நண்பன் கம்பியைக் கழற்றப் போனான். அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளியால் இரு முனைகளையும் தொடவைத்தார். பட்டாசு வெடித்ததுபோல் சத்தம். திருப்புளியின் நுனியில் கடுகளவு பள்ளம். உள்ளே வடிகால் மின்தடையே இல்லை. அந்த மின்னூட்டம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கியிருந்தால் நடுவில் இருப்பது இதயம்.

பிறகு மின்தேக்கியின் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 3 மைக்ரோஃபாரட், 1,000 வோல்ட். விற்பனையாளர் சொன்னபடி 2,000 வோல்ட் உண்மையிலேயே வந்திருந்தால் அது முகத்துக்கு நேரே வெடித்திருக்கலாம். படங்களோடு எழுதினேன். "நீங்கள் தவறாக இணைத்திருக்கிறீர்கள்" என்றார். அளவீடுகளை அனுப்பினேன், பதில் நின்றது. இப்போது அந்தப் பக்கமே இல்லை. அதே படங்கள் வேறு பெயரில் இருக்கின்றன, இந்த முறை 3,000 வோல்ட் என்று.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பொருள் வந்த அன்றே, உந்தி தயாராகும்வரை காத்திராமல், பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்துவிடுங்கள். நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். வாட் கணக்கு அதிலேயே வெளிப்பட்டுவிடும். '400 கிலோவோல்ட்' என்று விற்கும் குழாய் வடிவச் சிறு மின்வழங்கிகளைத் தொடவே வேண்டாம். காற்றில் 1 மில்லிமீட்டர் தாண்ட ஏறத்தாழ 3 கிலோவோல்ட் வேண்டும். சொல்வது உண்மையானால் பொறி ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் தாவ வேண்டும். பணம் இல்லையே என்று மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்ற எவர் யோசனை சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஏறத்தாழ 2,000 வோல்ட்டை ஆளைக் கொல்லும் மின்னோட்டத்தோடு தருவது அது. அதில் மறுவாய்ப்பு கிடையாது.

வடிகால் மின்தடையை நீங்களே, கண்ணுக்குத் தெரியும்படி வெளியே பொருத்துங்கள். எங்களுடையதற்கு 10 மெகா ஓம், அதையும் பல துண்டுகளாகக் கோத்தது. இரண்டரை நிமிடத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வடிந்த பிறகு இரு முனைகளையும் இணைத்து ஒரு கம்பியைக் குறுக்கே கட்டுங்கள், அதை எடுத்துவிடாதீர்கள். வெறுமையான மின்தேக்கியில் மின்னழுத்தம் மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். மீட்டரில் நானே பார்த்தேன்.

அந்த மின்தேக்கி இப்போது முனைகளுக்குக் குறுக்கே செம்புக் கம்பி கட்டி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சாம்பல் நிற உலோக உறை, மேல் ஸ்டிக்கரில் எழுத்து சற்றே சாய்ந்திருக்கும், வலது கீழ் மூலையில் பழைய ஸ்டிக்கரின் மஞ்சள் ஓரம் தெரியும். இப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால் இணைத்துவிடாதீர்கள். புகார் கொடுக்கப் படங்களும் அளவீடுகளும் வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன்.